வலப்பக்கத்து இரண்டு டயர்கள்

லேத்காரர் தன் கல்யாணத்துக்கு அரை மணி நேரம்தான் யோசித்தார். காருக்கு நாலு டயர் வாங்க ஐந்து வாரம் யோசித்தார். இது நான் கட்டிவிட்ட கதை இல்லை. அவர் மனைவியே வாய்க்கு வாய் சொன்னது.

"என்னைக் கட்டிக்கிறப்ப இவ்ளோ ஆராய்ச்சி பண்ணியிருந்தா நானாவது தப்பிச்சிருப்பேன்," என்பார் அண்ணி. ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை அவருக்கு. நாள் முழுக்க வெந்நீர் ஆவியில் நின்றுவிட்டு வந்தும் வாய் மட்டும் ஓயாது.

கார் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பின்கதவு மேலே திறக்கிற, காய்கறி வாங்கப் போய்வரும் சின்ன வண்டி. மூன்றாம் கையாக வாங்கியது. அதை லேத்காரர் தன் லேத் பட்டறையில் வைத்து ஆறு வருஷம் அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துக் கோத்தார். இன்ஜினுக்கு டர்போ, தானே கடைந்த புகைக்குழாய், கட்டையான ஸ்பிரிங், அகலமான சக்கரம். முன்பக்கம் தாழ்ந்து, பின்பக்கம் தூக்கி, பாயத் தயாராக உட்கார்ந்திருக்கும். தெருவில் அதற்குத் தவளை என்று பெயர். செய்தது அவர். ஓட்டுவது அவர் மகள்.

மகளை வீட்டில் வாலு என்று கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வயது. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை. வருஷத்துக்கு ஒருமுறை மலைப்பாதையில் நேரம் குறித்து ஒவ்வொரு வண்டியாக ஏறவிடுவார்கள். போன வருஷம் தவளையோடு நாலாவதாக வந்தாள். இந்த வருஷம் முதல் மூன்றுக்குள் வந்தால் ஒரு பந்தயக் குழு அவளைச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. அந்த வீட்டில் அதற்குப் பிறகு வேறு பேச்சே இல்லை.

நான் யார் என்றும் சொல்லிவிடுகிறேன். டயர் கடையை ஒட்டிய தகரக் கொட்டகையில் வீல் அலைன்மென்ட் செய்கிறவன். கடையில் டயர் மாட்டிய வண்டிகள் நேராக, நான் அடியில் இறங்கி நின்று வேலை பார்க்கும் குழிக்கு வரும். சக்கரம் நூல் அளவு திரும்பியிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. லேத்காரர் எனக்குக் கூடப் பிறக்காத அண்ணன். வாலு என்னைச் சித்தப்பா என்பாள்.

டயர் கடையின் கல்லாவில் இருப்பவன் அண்ணியின் தம்பி. லேத்காரர் மச்சான் மச்சான் என்று கூப்பிட்டு, கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அவன் மச்சானாகிவிட்டான். பன்னிரண்டு வயதில் தாய் தகப்பன் இல்லாமல் அக்கா வீட்டுக்கு வந்தவன். லேத்காரர்தான் முதலாளியிடம் பேசி அவனை அந்தக் கடையில் சேர்த்துவிட்டார்.

ஒரு மதியம் என் கொட்டகையில்தான் டயர் தேர்வு நடந்தது. மச்சான் மூன்று டயர்களை உருட்டிக்கொண்டு வந்து தரையில் சாய்த்தான்.

"மாமா, மூணும் நம்ம சைசு. கண்ண மூடிட்டு ஒண்ணு சொல்லுங்க."

"கண்ண மூடிட்டு எடுக்க இது என்ன லாட்டரிச் சீட்டா?" லேத்காரர் மண்டி போட்டு முதல் டயரில் கட்டைவிரல் நகத்தை அழுத்தினார். அநேகமாக வழவழ என்று இருந்தது, கோடுகள் ஒப்புக்கு இரண்டு. நகம் உள்ளே இறங்கியது. "அடேயப்பா, பிசுபிசுன்னு பிடிக்குது."

"காஞ்ச ரோட்டுல இத அடிச்சுக்க ஆளே இல்லப்பா," என்றாள் வாலு.

"மழை வந்தா?"

"மழை வந்தா மெதுவா வீட்டுக்கு வந்துடலாம்."

"ஆஸ்பத்திரி வழியாவா?" என்றார் அண்ணி. அவர் எங்களுக்கு டீ கொண்டுவந்திருந்தார். "மலையில எப்ப மழை வரும்னு மலைக்கே தெரியாது. அத ஓரமா வை."

இரண்டாவது டயரில் நகம் இறங்கவே இல்லை.

"இது நாலு வருஷம் தேயாது மாமா," என்றான் மச்சான்.

"ஓடும்டா, நிக்குமா? எனக்கு வேகம் முக்கியமில்ல. அவ பிரேக்ல கால வெச்சா நிக்கணும்."

மூன்றாவதைத் தூக்கி மடியில் சாய்த்துக்கொண்டார். நடுவிலிருந்து இரண்டு பக்கமும் சரிந்து இறங்கும் ஆழமான கோடுகள். பக்கச் சுவரில் ஓர் அம்புக்குறி. அந்தத் திசையில் மட்டும்தான் உருள வேண்டும். அப்போதுதான் தண்ணீரை இரு புறமும் வாரி எறியும். நகம் இறங்கியது, ஆனால் ஒட்டவில்லை. அவர் முகத்தைப் பார்த்தே எங்களுக்கு விளங்கிவிட்டது.

"இதுதான். ஆனா மச்சான், தேதி புதுசா இருக்கணும்."

தேதி என்று அவர் சொன்னது, டயர் செய்த வாரத்தையும் வருஷத்தையும் பக்கச் சுவரில் நாலு எண்ணாகக் குத்தியிருப்பார்களே, அதை.

"ரப்பர் ரொட்டி மாதிரிடா. ஓடினாத்தான் கெடும்னு இல்ல, சும்மா வெச்சிருந்தாலும் காயும். காஞ்சது ஈர ரோட்டுல வழுக்கும். என் பொண்ணு உயிரு நாலு உள்ளங்கை அகலத்துல நிக்கப்போவுது."

"என்ன மாமா பேசுறீங்க? அவ உங்களுக்கு மட்டும்தான் பொண்ணா? நான் தோள்ல தூக்கி வளத்தவ மாமா. கைபடாத செட் ஒண்ணு வந்திருக்கு. நானே மாட்டித் தரேன்."

வாலு அவன் தோளில் ஒரு குத்து விட்டாள். "மாமான்னா மாமாதான்."

இரண்டு நாள் கழித்து டயர் மாட்டியாயிற்று. லேத்காரர் இடப்பக்கம் குந்தி உட்கார்ந்து, முன்னும் பின்னும் இரண்டு டயரின் எண்களையும் விரலால் தடவிப் படித்தார். அந்த வருஷத்து எண். வலப்பக்கம் வந்தார். அங்கே எண் தெரியாது. தேதியை டயரின் ஒரு சுவரில்தான் குத்துவார்கள். அம்புக்குறிக்கு ஏற்ப மாட்டும்போது அந்தச் சுவர் இடப்பக்கத்தில் வெளியே வரும், வலப்பக்கத்தில் உள்ளே போய்விடும். அவருக்கு அது தெரியும். ஆகவே அம்புக்குறி சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். இரண்டைப் படித்தவர் நாலையும் படித்ததாக நினைத்துக்கொண்டார். விவரம் தெரியாதவனாக இருந்தால், இந்தப் பக்கம் ஏன் எண் இல்லை என்று கேட்டிருப்பான்.

அப்பாவும் மகளும் டீ குடிக்கப் போனார்கள். நான் வண்டியைக் குழிமேல் ஏற்றி, கீழே இறங்கி, ஸ்டியரிங் கம்பியின் நட்டைத் தளர்த்த விளக்கைத் தூக்கிப் பிடித்தேன். வலது முன் டயரின் உள்சுவரில் வெளிச்சம் விழுந்தது. எண்ணைப் படித்தேன். துடைத்துவிட்டு மறுபடி படித்தேன். ஐந்து வருஷத்துக்கு முந்தையது. பின்டயரும் அப்படியே. அதே கம்பெனி, அதே கோடுகள், ஓடாத டயரில் இருக்கிற ரப்பர் முடிகள்கூட உதிரவில்லை. மேலே பாலிஷ் பூசிப் பளபள என்று வைத்திருந்தான்.

நிமிர்ந்தால் குழியின் விளிம்பில் மச்சான் நின்றுகொண்டிருந்தான்.

"என்னடா இது?"

"சத்தம் போடாதீங்கண்ணே." அவன் குந்தினான். "முதலாளி மகனும் இந்த வருஷம் மலை ஏறுறாருல்ல? அவரு வண்டியில ரெண்டு டயர் கல்லுல கிழிஞ்சிடுச்சு. அதே சைசு. வேற ஸ்டாக் இல்ல. அந்த செட்டுலருந்து ரெண்ட எடுன்னுட்டாரு முதலாளி."

"முடியாதுன்னு சொல்ல வாயில்லையா?"

"அடுத்த வருஷம் கடைய என் பொறுப்புல விடுறேன்னு சொல்லியிருக்காருண்ணே. இந்த நேரத்துல போயி முடியாதுன்னா?"

"அஞ்சு வருஷம்டா. பரண்ல வெந்து கெடந்தது."

"ஓடாத டயருண்ணே. ரெண்டே வாரம், புதுசு வந்ததும் நானே ஏதாவது சொல்லி மாத்திடுறேன்." பிறகு கையைத் துடைத்துக்கொண்டே, மிரட்டலே இல்லாத குரலில் சொன்னான்: "உங்க குழிக்கு வர்ற வண்டியெல்லாம் எங்க வாசல்லருந்துதானண்ணே வருது. நமக்குள்ள எதுக்கு?"

எனக்குச் சுருக்கென்றது. அவன் சொன்னது நிஜம் என்பதால்தான் சுருக்கென்றது. ரெண்டு வாரம்தானே, அதுவரை வாலு மெதுவாகத்தான் பழகுவாள், ஓடாத டயர்தானே என்று எனக்கு நானே மூன்று சமாதானம் சொன்னேன். மூன்றுமே மச்சானிடம் கடன் வாங்கியவை.

லேத்காரர் வந்தார். "எப்படிடா இருக்கு?"

"நூல் பிடிச்ச மாதிரி நிக்குதுண்ணே," என்றேன்.

அலைன்மென்ட் அப்படித்தான் நின்றது. நான் சொன்னதில் ஓர் எழுத்துப் பொய் இல்லை. அதுதான் அதிலிருந்த அயோக்கியத்தனம்.

பதினோராம் நாள் மழை பிடித்துக்கொண்டது. காலையில் நீர்த்தேக்கத்துச் சாலையில் பழகப் போன வாலு, வளைவுக்கு முன்னால் பிரேக் அடித்திருக்கிறாள். வண்டி சுழன்று போய்த் தடுப்புச் சுவரில் மோதியது. நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவளுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்து கட்டுப் போட்டிருந்தார்கள். நெற்றியில் ஐந்து தையல். அண்ணி சலவைப் பிரிவிலிருந்து ஈரக் கையோடு ஓடிவந்து நின்றார்.

"பிரேக் அடிச்சேன்பா. இடது பக்கம் இழுத்துச்சு," என்றாள் வாலு.

"நேரா நிக்கிற வண்டி எப்படி இழுக்கும்?"

"இழுத்துச்சுப்பா. வலது பக்கம் பிடிக்கவே இல்ல."

பயந்துபோன மனிதருக்குக் கோபம்தான் முதலில் வரும். லேத்காரருக்கும் அதுதான் வந்தது. "நாலும் புது டயரு. இதோ நிக்கிறான், அலைன்மென்ட் பண்ணவன். அவன்கிட்டயே கேளு. ஏண்டா, இழுக்குமா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மச்சான் கட்டிலின் தலைமாட்டில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான். அவன் மட்டும் பார்க்கவில்லை.

"அலைன்மென்ட்ல ஒண்ணும் இல்லண்ணே," என்றேன்.

"கேட்டியா? பதறிப்போயி ஒரேயடியா மிதிச்சிருக்க. அவசரக்குடுக்கை. எத்தன தடவ சொல்லியிருப்பேன், ஈரத்துல கால் பூப்போல இருக்கணும்னு."

"நான் பதறலப்பா."

"விடுங்க மாமா, சின்னப் பொண்ணு," என்று மச்சான் சுளையை நீட்டினான். வாலு வாங்கிக்கொண்டாள். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. வண்டியைத் தூக்கிக்கொண்டு வர ஆள் பார்க்க வேண்டும் என்று ஒரு சாக்குச் சொல்லிவிட்டு வந்தேன்.

அதைவிடப் பெரிய அடி மறுநாள் விழுந்தது. பந்தயக் குழுவிலிருந்து நலம் விசாரித்து போன் வந்தபோது, லேத்காரர் அவள் கட்டிலுக்குப் பக்கத்திலிருந்தே பேசினார். "அவ இன்னும் பழகலைங்க. நான்தான் அவசரப்பட்டுட்டேன். இந்த வருஷம் வேணாம்." வாலு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள் என்று அண்ணி சொன்னார்.

ஒரு மாதம் போயிற்று. மலை ஏற்றமும் நடந்து முடிந்தது. தவளை மூக்கு நசுங்கி என் கொட்டகையின் பின்னால் தார்ப்பாய்க்குக் கீழே கிடந்தது. விற்றுவிடலாம் என்று லேத்காரர் சொல்லிக்கொண்டிருந்தார். மச்சான் பழைய டயர்களை மாற்றும் பேச்சையே எடுக்கவில்லை. இனி எதற்கு என்று நினைத்திருப்பான். அவன் வாசலிலிருந்து என் குழிக்கு வண்டிகள் வந்துகொண்டுதான் இருந்தன. ஒவ்வொரு வண்டிக்கும் கீழே இறங்கியதும் முதலில் டயரின் உள்சுவரில்தான் விளக்கைக் காட்டினேன்.

ஒருநாள் அண்ணி வேலை முடிந்து போகிறவர் கொட்டகையில் ஒதுங்கினார். மழை கொட்டியது. ஸ்டூலில் உட்கார்ந்து, ஊறிப்போன விரல்களைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அவ சாப்பிடுறப்பகூட தரையில வலது கால அழுத்தி அழுத்திப் பாக்குறா தம்பி. என்னடின்னா, 'ரொம்ப மிதிச்சிட்டனாம்மா, இவ்ளோ மிதிச்சேனா, இல்ல இவ்ளோவா'ன்னு கேக்குறா. எனக்கு என்ன தெரியும்? கடையில தேய்ச்ச லென்ஸையே திரும்பத் திரும்பச் சரிபாக்குறாளாம். அவளுக்கே அவ மேல சந்தேகம் வந்துடுச்சு தம்பி. எலும்பு கூடிடுச்சு. இது எப்படிக் கூடும்?"

அவர் போனதும் லேத்காரருக்கு போன் செய்தேன். அப்போதும் முழு யோக்கியன் ஆகிவிடவில்லை. "வண்டியப் பிரிக்கலாம்னு பாத்தேண்ணே, ஒண்ணு கண்ணுல பட்டுது, வாங்க," என்றேன். இன்றுதான் கண்ணில் பட்டது போல.

தவளையைக் குழிமேல் தள்ளி வைத்திருந்தேன், அவர் உள்ளே இறங்கினார். விளக்கைக் காட்டினேன். வலது முன் டயரின் எண்ணைப் படித்தார். குனிந்தபடியே பின்னால் போய் மற்றதையும் படித்தார். பிறகு நகத்தால் இடது டயரை அழுத்தினார், வலது டயரை அழுத்தினார். இதையே நாலைந்து தடவை செய்தார். மேலே ஏறும்போது அவருக்கு என் கை தேவைப்பட்டது.

"இழுத்துச்சுன்னுதான்டா சொன்னா," என்றார். "புள்ள அத மட்டும்தான் சொன்னா." என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நீ பாக்கலன்னா இது தெரியாமலே போயிருக்கும்டா. நீ மனுஷன்."

அந்த நன்றியையும் வாங்கி வைத்துக்கொண்டேன். அந்த நாளில் நான் செய்ததிலேயே கேவலம் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மச்சான் அக்கா வீட்டில்தான் சாப்பிடுவான். என்னையும் கூட வரச் சொன்னார் லேத்காரர். அவன் வந்ததும் கேட்டுவிடுவார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. அண்ணியிடம், "அவனுக்குச் சோறு போடு," என்றார். அண்ணிக்கும் விஷயம் தெரியும். கரண்டி தட்டில் இடித்துக்கொண்டே இருந்தது. மச்சான் இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டு, கைகழுவி, துண்டில் துடைக்கிறவரை லேத்காரர் காத்திருந்தார்.

"மச்சான், வலது பக்கத்து டயரோட தேதி என்ன?"

மச்சானின் கை துண்டிலேயே நின்றது. "புதுசுதான் மாமா."

"அஞ்சு வருஷப் புதுசா?"

உள்ளறையிலிருந்து வாலு வந்து கதவோரம் நின்றாள். மச்சான் அவளைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான், பிறகு நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். முதலாளி, முதலாளி மகன், அடுத்த வருஷத்துக் கடை. "ரெண்டு வாரத்துல மாத்தியிருப்பேன் மாமா. சத்தியமா. மழை முந்திக்கிச்சு."

"மழை மேல பழியப் போடுறியா?" அண்ணி அவன் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். "உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணிட்டு, இப்பவும் உக்காந்து உண்டுட்டுப் போறியேடா. அவ தலைமாட்டுல உக்காந்து ஆரஞ்சு உரிச்சியேடா பாவி."

"ஆளுக்கு ஆள் என்னையே சொல்லுங்க." கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மச்சான் என் பக்கம் கையை நீட்டினான். "அண்ணனுக்கும் அன்னைக்கே தெரியும். குழிக்குள்ளருந்து பாத்தாரு. கேளுங்க."

லேத்காரர் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. "யார் மேலடா சேத்த வாரி இறைக்கிற? கண்டுபிடிச்சதே அவன்தான்டா நன்றி கெட்டவனே!" அவன் சட்டையைப் பிடித்து வாசல் பக்கம் தள்ளினார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். லேத்காரர் என்னைத்தான் நம்பினார். சும்மா இருந்தால் தப்பித்திருப்பேன். ஆனால் வாலு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். லென்ஸைத் தூக்கிப் பிடித்துக் கீறல் தேடுகிறவளின் பார்வை அது.

"அவன் சொல்றது நிஜம்ண்ணே," என்றேன்.

லேத்காரர் மச்சானின் சட்டையை விட்டார். என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் சாய்ந்த நாற்காலியை நிமிர்த்தி அதிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஆஸ்பத்திரியில அப்பா கேட்டப்ப பக்கத்துலதான நின்னீங்க?" என்றாள் வாலு.

"ஆமாம்மா."

"நான் சொன்னது உண்மைன்னு அப்பவே தெரியும்?"

"தெரியும்."

அவள் குனிந்து தன் வலது காலைப் பார்த்தாள். "அப்போ நான் சரியாத்தான் மிதிச்சிருக்கேன்," என்றாள். யாருக்கும் சொல்லவில்லை, தனக்குத்தான் சொல்லிக்கொண்டாள். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அதைத் துடைக்கவும் இல்லை.

"வாலு," என்று கையை நீட்டினார் லேத்காரர்.

"இருங்கப்பா. மாமா பேராசையில பண்ணாரு, இவரு பொழைப்புக்குப் பயந்து பண்ணாரு. நீங்க எதுக்குப்பா நம்பல?"

லேத்காரர் நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டார்.

வாலு தன் போனில் எண்ணைத் தேடி அழுத்தி, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்து, என்னிடம் நீட்டினாள். "டீம் மேனேஜரு. அப்பா அவருகிட்ட எனக்கு ஓட்டத் தெரியலன்னு சொன்னாரு. பாத்தவரு நீங்கதான். சொல்லுங்க."

யார் பேசுவது என்று மறுமுனையில் கேட்டார்கள். அலைன்மென்ட் பண்ணுகிறவன் என்றேன். எண்ணைப் பார்த்தது, மறைத்தது, ஆஸ்பத்திரியில் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு இடத்தில் நிறுத்தினேன். வாலு போனை இன்னும் கிட்டே நீட்டினாள்.

"இத ஏன்யா ஒரு மாசம் கழிச்சு சொல்றீங்க?" என்றார் அந்த மனிதர். "ஆளை எடுத்தாச்சு. போன வாரமே கையெழுத்தாயிடுச்சு."

"பரவால்ல சார்," என்றாள் வாலு போனைத் தன் பக்கம் திருப்பி. "தப்பு என் கால்ல இல்லன்னு உங்களுக்குத் தெரியணும். அதுக்குத்தான் பண்ணேன்."

மச்சான் எப்போது வெளியேறினான் என்று நான் கவனிக்கவில்லை. அவன் செருப்பு வாசலில் இல்லை. நானும் எழுந்தேன். அண்ணி எச்சில் தட்டை எடுத்துக்கொண்டு என்னைப் பார்க்காமல் உள்ளே போனார். லேத்காரர் தலை நிமிரவில்லை.

"போயிட்டு வரேன்" என்று வாயில் வந்தது. பழக்க தோஷம். சொல்லியும் விட்டேன்.

வாலு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"போங்க," என்றாள்.